மண்சரிவு எச்சரிக்கையும் தமிழ்ப் பிரதியும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் பெருவீதி, ஹப்புத்தளை மலைத்தொடரின் தென்சரிவைத் தொடும் இடத்தில் ஹல்துமுல்லை அமைந்திருக்கிறது. மேலே செங்குத்தாக எழுந்து நிற்கும் முகடும், கீழே வெல்லவாயாவை நோக்கித் தாழ்ந்து செல்லும் சமவெளியும், இடையில் தேயிலையும், தேயிலையின் நடுவே வெள்ளைக்காரர் காலத்தில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளாகிய லயங்களும் கொண்ட இப்பிரதேசம், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் மாலைமழையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த பிரதேசம். அம்மழையில் மலை எவ்வாறு இளகும் என்பதையும் அறிந்த பிரதேசம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி காலை, மக்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய துயரச் சம்பவம் நிகழ்ந்தது இந்த ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேதான்.

மண்ணுக்குள் புதைந்தவர்கள் எத்தனை பேர் என்பதை முதல் நாட்களில் எவராலும் நிச்சயமாகச் சொல்ல இயலவில்லை. நூற்றுக்கணக்கானோர் என்று தொடக்கத்தில் வெளிவந்த கணக்கு நாளுக்கு நாள் மாறிக் குறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்குச் சென்றிருந்த காரணத்தால் உயிர் தப்பிய பிள்ளைகள் பெற்றோரையும் வீட்டையும் தேடி நின்ற செய்தியை, அந்நாட்களில் பத்திரிகை வாசித்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்விடம் அபாயகரமானது, அங்கே குடியிருப்போரை வேறிடத்தில் அமர்த்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் பின்னர் 2011ஆம் ஆண்டிலும் அறிவுறுத்தியிருந்தது என்பதும் அதன்பின் வெளிவந்தது. மாற்று நிலமும் மாற்று வீடும் கொடாமல் ‘அப்புறம் போங்கள்’ என்று மட்டும் கூறும் எச்சரிக்கை அரை எச்சரிக்கையே என்பதில் எனக்கு ஐயமில்லை; பூனாகலைப் பகுதியில் மீரியபெத்தை மக்களுக்கென்று கட்டப்பட்ட வீடுகள் அவர்கள் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன என்பதையும் நாம் மறக்கலாகாது. நிலவுரிமை பற்றிய அந்தப் பெரிய வழக்கை மலையகத்தின் மூத்தோர் பலர் எடுத்துரைத்து வருகிறார்கள். அதனினும் சிறியதாயினும், நிதியும் நிலமும் அதிகம் வேண்டாமலே தீர்க்கத்தக்க வேறொரு விஷயத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: எச்சரிக்கைப் பத்திரம் எவ்வாறு எழுதப்படுகிறது, வழியில் எத்தனை முறை திரும்ப எழுதப்படுகிறது, அதன் தமிழ்ப் பிரதி ஏன் எப்போதும் பின்னால் வருகிறது என்பதே அது.

மண்சரிவு எச்சரிக்கைக்கு ஆதாரமாக நிற்பது மழைவீழ்ச்சிக் கணக்கு. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்கச் சொல்லும் மஞ்சள் நிலை. 100 மில்லிமீற்றரைத் தொட்டால் வெளியேற ஆயத்தமாகச் சொல்லும் செம்மஞ்சள் நிலை. 150 மில்லிமீற்றரை எட்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ, உடனே வெளியேறச் சொல்லும் சிவப்பு நிலை. பத்திரத்தில் மாவட்டத்தின் பெயரும், பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களும், நிலையும், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை அது செல்லுபடியாகும் என்பதும், மக்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்களும் இருக்கும்: நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் பிளவு, மரமும் மின்கம்பமும் சாய்தல், வற்றாத ஊற்று திடீரென்று வற்றுதல் அல்லது கலங்கி வருதல். இன்றைய பத்திரத்தை நேற்றைய பத்திரத்துடன் ஒப்பிட்டு வாசிப்பவர், மாறுபவை பெயர்களும் எண்களும் நிலையுமே என்பதையும், ஏனைய வாக்கியங்கள் எல்லாம் நிலைத்த வாக்கியங்கள் என்பதையும் உடனே காண்பார். இந்தச் சிறு அவதானத்தின்மீதுதான் என் முழு வாதமும் நிற்கிறது.

அப்படிப்பட்ட பத்திரம் ஒன்று கொழும்பிலிருந்து பதுளைக்கும், பதுளையிலிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து கிராம உத்தியோகத்தருக்கும், அவரிடமிருந்து தோட்டத்து ஆபீசுக்கும், ஆபீசிலிருந்து தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்துக்கும் லயத்துக்கும் வருவதற்குள், ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு விதமாகத் திரும்ப எழுதப்படுகிறது. ஒருவர் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறார். இன்னொருவர் அதைப் பார்த்துச் சுருக்கித் தட்டச்சு செய்கிறார். மூன்றாமவர் சிங்களத்தில் வந்ததைத் தமக்குத் தெரிந்த அளவில் தமிழாக்கி வாய்மொழியாகச் சொல்கிறார். இவர்களில் எவரும் குற்றவாளியல்லர். பெரும்பாலும் நள்ளிரவில், மழைக்கு நடுவில், தம் கடமைக்கு மேலாகவும் உழைப்பவர்கள். ஆயினும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதேனும் ஒன்று உதிர்ந்துபோகிறது. முதலில் உதிர்வது காலக்கெடு. எந்த நாள், எந்த மணி என்ற குறிப்பு இல்லாத எச்சரிக்கைப் படம் ஒரு வாரத்துக்குப் பின்னும் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும். பழையதைக் கண்டு அஞ்சிச் சலித்தவர்கள் புதியதையும் பழையதென்று தள்ளிவிடுவார்கள். அடுத்து உதிர்வது நிலை: ‘ஆயத்தமாகுங்கள்’ என்பதும் ‘வெளியேறுங்கள்’ என்பதும் ஒரே ‘கவனம்’ ஆகிவிடுகின்றன.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி, அறுநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோய், மத்திய மலைநாட்டையும் ஊவாவையும் மண்சரிவுகளால் சிதைத்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பகிரங்கமாக எழுந்தது. சட்டத்தை எடுத்துக்கொண்டால், அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் பதினாறாம் திருத்தம் நிர்வாகத்தில் அதன் பிரயோகத்தை வகுத்துரைத்தது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளன. சட்டத்தில் குறைவில்லை. சட்டம் இருந்தும் தமிழ்ப் பிரதி தாமதிப்பதற்குக் காரணமாக ஒவ்வொரு முறையும் கூறப்படுவது ஒன்றே: அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. இந்தக் காரணத்தை நான் பொய்யென்று சொல்லவில்லை. ஆனால், ஏற்கெனவே நூறு முறை எழுதப்பட்ட அதே வாக்கியத்தை நூற்றோராம் முறையும் நள்ளிரவில் ஒரு மனிதர் புதிதாக மொழிபெயர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவைத்திருப்பதே தவறு என்று சொல்கிறேன்.

இத்தவறுக்குப் பரிகாரம் உலகில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. பொது எச்சரிக்கை நெறிமுறை என்று பொருள்படும் பெயருடைய ‘கேப்’ என்னும் தரம், 2004ஆம் ஆண்டில் ஒயாசிஸ் என்ற தரநிர்ணய அமைப்பினால் ஏற்கப்பட்டு, 2007ஆம் ஆண்டில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையாகவும் அங்கீகாரம் பெற்றது. அது எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்படுவது. அதாவது, ஒவ்வொரு செய்தித்துண்டும் இன்னது என்று பெயரிட்ட சிறு பெட்டிக்குள் வைக்கப்படும். வெளியே ஓர் உறை, அதில் அனுப்பியவர் யார், எப்போது அனுப்பினார், இது புதிய எச்சரிக்கையா, திருத்தமா, ரத்தா என்ற விவரங்கள். உறைக்குள் ஒரு தகவற்பகுதி; அதனுள் அபாயம் எவ்வகை, எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம், மக்கள் செய்யவேண்டியது என்ன, எத்தனை மணிக்குக் காலாவதியாகும், எந்தப் பிரதேசம் என்பவை தனித்தனியே. இத்தகவற்பகுதி ஒரே உறைக்குள் ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அதன் மொழி எதுவென்று குறிக்க ஓர் இடம் உண்டு. ஆகவே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே உறைக்குள், ஒரே இலக்கத்துடன், ஒரே கணத்தில் பயணம் செய்யும் வசதியை இத்தரத்தை வகுத்தோர் தொடக்கத்திலேயே செய்துவைத்தார்கள்.

அதனினும் முக்கியமானது வேறொன்று. அவசரம், கடுமை, நிச்சயம் ஆகியவை தரத்திலேயே வரையறுக்கப்பட்ட சில குறிச்சொற்களால் மட்டுமே நிரப்பப்படும்; எழுதுபவர் தம் இஷ்டப்படி எதையும் இட இயலாது. மக்கள் செய்யவேண்டியதற்கும் அவ்வாறே குறிகள் உண்டு. கவனித்திரு, ஆயத்தமாகு, வெளியேறு என்று பொருள்படும் குறிகள் நம்முடைய மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிலைகளுக்கு அப்படியே பொருந்துகின்றன. இடப்பெயரும் ஒரு குறியீட்டெண்ணாக வரலாம். குறி எந்த மொழிக்கும் உரியதன்று. ஒரு குறிக்கு ஒரு தமிழ் வாக்கியத்தை, நல்ல வெளிச்சத்தில், சாவகாசமாக, தமிழறிந்தோர் பலர் கூடியிருந்து ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அதன்பின் எந்த நள்ளிரவிலும் அந்தக் குறி வந்த கணத்திலேயே அந்த வாக்கியம் வந்து நிற்கும். இதில் இயந்திர மொழிபெயர்ப்பு எதுவுமில்லை. முன்பே மனிதர் எழுதிய வாக்கியம் உரிய இடத்தில் வைக்கப்படுகிறது, அவ்வளவே. புதிதாக விவரித்து எழுதவேண்டிய ஓரிரு வரிகளுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவருக்காக மற்ற வரிகள் காத்திருக்க வேண்டியதில்லை.

குறிகளிலிருந்து வாசிக்கத்தக்க பத்திரங்களை உண்டாக்கும் வேலையைச் செய்வது எக்ஸ்.எஸ்.எல்.ரி. என்னும் உருமாற்று மொழி. 1999ஆம் ஆண்டு நவம்பரில் அதன் முதற்பதிப்பை உலகளாவிய வலையின் தரநிர்ணய அமைப்பு வெளியிட்டது. இந்தக் குறியைக் கண்டால் இந்த வாக்கியத்தை இடு, இந்தப் பெயரைக் கண்டால் இந்த எழுத்தளவில் அச்சிடு என்ற விதிகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு கோப்பு அது. இன்று நம் கைபேசியிலும் கணினியிலும் உள்ள உலாவிகள் நெடுங்காலமாக இம்மொழியை அறிந்திருக்கின்றன; மூலப்பத்திரத்தைத் திறந்தால், உலாவியே விதிகளைத் தேடிப்பிடித்து, கண்முன் அழகிய பக்கமாக மாற்றிக் காட்டும். ஆனால் உலாவிகள் அறிந்தது அந்த முதற்பதிப்பை மட்டுமே, அம்முதற்பதிப்போ ஒரு மூலத்திலிருந்து ஒரு பலனை மட்டுமே தரும். உலாவிக்குள் நடக்கும் உருமாற்றத்தின் பலன் அந்தப் பக்கத்தின் இடத்திலேயே வந்து அமர்கிறது. இரண்டாவது பலன் அமர இடமில்லை. வலைப்பக்கம் ஒன்று பயனரின் கணினியில் தன்னிஷ்டப்படி கோப்புகளை எழுதிவைக்க அனுமதிக்கப்படுவதும் இல்லை. அந்தத் தடை நியாயமானது, அவசியமானதும்கூட.

ஒரு மூலத்திலிருந்து பல பத்திரங்கள் வேண்டும் என்ற தேவையை அறிஞர்கள் உணராமலில்லை. உலாவிக்கு வெளியே இயங்கிய கருவிகளை ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய நீட்சிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். மைக்கேல் கே பதிப்பாசிரியராயிருந்து 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த இரண்டாம் பதிப்பு, ஒரே உருமாற்றத்தில் வேண்டிய அளவு பத்திரங்களைத் தனித்தனிப் பெயருடன் வெளியிடும் கட்டளையைத் தரத்திலேயே சேர்த்துவிட்டது. உலாவிகளோ அந்த இரண்டாம் பதிப்பை ஏற்கவேயில்லை. மைக்கேல் கே நிறுவிய சக்ஸோனிக்கா நிறுவனம் பின்னர் உலாவிக்குள்ளேயே புதிய பதிப்புகளை இயக்கும் கருவியை ஆக்கியது. அதில் அக்கட்டளையைக் கொண்டு ஒரே பக்கத்தின் வெவ்வேறு இடங்களை வெவ்வேறு பலன்களால் நிரப்பலாம். பழைய பதிப்பை மட்டுமே வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. அதே விதிக்கோப்பை, ‘இம்முறை தமிழ்’, ‘இம்முறை சிங்களம்’, ‘இம்முறை குறுஞ்செய்தி’ என்று ஒரு குறிப்பை மாற்றிக்கொடுத்து, ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் அடுத்தடுத்துப் பல முறை இயக்கலாம். அதுவும் வேண்டாமென்றால், எல்லாப் பத்திரங்களையும் ஒரே நெடும்பக்கத்தின் பகுதிகளாக அமைத்து, ஒவ்வொன்றும் தனித்தாளில் அச்சாகும்படி ஒழுங்கு செய்துவிடலாம். ஒரு பிரதேச செயலகத்துக்கு இந்தக் கடைசி வழியே போதுமானது என்பது என் அபிப்பிராயம்; எளிய வழி மழைநாளில் பழுதடைவது குறைவு.

இது ஹல்துமுல்லையில் எவ்வாறு நடைபெறும் என்று பார்ப்போம். சிவப்பு நிலை அறிவிக்கப்படுகிறது. கொழும்பில் கடமையிலிருப்பவர் ஒரு படிவத்தில் பிரதேசத்தையும் நிலையையும் காலக்கெடுவையும் தேர்ந்து கையொப்பமிட்டு வெளியிடுகிறார், எக்ஸ்.எம்.எல். கோப்பு ஒன்று பிறக்கிறது. பிரதேச செயலகத்தில் ஒருவர் அதைத் தம் உலாவியில் திறக்கிறார். ஒரே திறப்பில் அவர்முன் வந்து நிற்பவை: பிரட்டுக்களத்திலும் கூட்டுறவுக் கடைச் சுவரிலும் ஒட்டத்தக்க பெரிய எழுத்துத் தமிழ் அறிவித்தல்; அதே இலக்கமும் அதே நேரமும் தாங்கிய சிங்கள அறிவித்தல்; கோயில் ஒலிபெருக்கியில் நிறுத்தி நிறுத்தி வாசிப்பதற்கான, எண்களை எல்லாம் எழுத்தால் எழுதிய வாசிப்புப் பிரதி; பள்ளி அதிபருக்கும் பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளருக்கும் உரிய, பிள்ளைகளை எங்கே கொண்டுசெல்வது என்பதை முதல் வரியில் சொல்லும் குறிப்பு; தோட்டத்துரைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உரிய, எந்தெந்த லயங்கள் எந்த இடத்துக்குச் செல்லவேண்டும் என்ற அட்டவணை; கைபேசிக்குரிய குறுஞ்செய்தி. லயங்களின் பட்டியலும் தங்குமிடங்களின் பட்டியலும் முன்பே செயலகத்தில் வேறொரு கோப்பாக இருக்கும். உருமாற்று விதிகள் அதையும் திறந்து வாசித்து இதனுடன் இணைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியல் கிரமமாகப் பேணப்பட்டிருந்தால் மீரியபெத்தையில் காணாமற்போனோர் எத்தனை பேர் என்ற கணக்கு நாளுக்கு நாள் மாறியிருக்குமா என்பதையும் வாசகர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

குறுஞ்செய்தியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பிரதிகளைத் தனித்தனியே வடிக்கவேண்டியதன் அவசியம் அதில்தான் நன்கு புலப்படும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் உண்டு. தமிழ் எழுத்தில் அனுப்பும்போது அது 70 இடங்களாகச் சுருங்கிவிடுகிறது. அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகளல்ல. புள்ளியும், கொம்பும், காலும், விசிறியும் தனித்தனி இடம் கேட்கும். ‘ஹல்துமுல்லை’ என்பது நமக்கு ஆறெழுத்து. கைபேசிக்கோ பதினோரு இடம். நீண்ட தமிழ் அறிவித்தலை அப்படியே வெட்டி அனுப்பினால், மரியாதைச் சொற்களும் நிறுவனத்தின் பெயருமே எழுபது இடங்களையும் விழுங்கிவிட்டு, ‘வெளியேறவும்’ என்ற சொல் வெட்டுண்டு போகும். ஆகவே குறுஞ்செய்திக்கென்று தனி விதி எழுதவேண்டும். ‘சிவப்பு எச்சரிக்கை: ஹல்துமுல்லை. மண்சரிவு. உடனே வெளியேறவும்.’ இது அறுபது இடம். எஞ்சும் பத்து இடங்களுக்குள் காலக்கெடுவின் மணியைச் சேர்த்துவிடலாம். இவ்வாறு எண்ணியெண்ணி அமைக்கும் வேலையை மழைக்கு நடுவில் எவரும் செய்ய இயலாது. வெயில் காலத்தில் ஒருமுறை செய்து விதியாக எழுதிவைக்க வேண்டும்.

இவையெல்லாம் நம் தகுதிக்கு மீறிய கனவு என்று எண்ணுவோர் இந்நாட்டின் அனுபவத்தையே திரும்பிப் பார்க்கவேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், சர்வோதய இயக்கமும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் இணைந்து, கரையோரத்து 32 கிராமங்களில் எச்சரிக்கையைக் கடைசி வீடு வரை கொண்டுசெல்லும் வழிகளைப் பரீட்சித்தன. அப்பரீட்சையில் ஆளப்பட்டது இதே கேப் தரம். அதே பேரழிவின்போது இலங்கை இளைஞர்கள் தன்னார்வமாக ஆக்கிய ‘சஹானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் பின்னர் வேறு நாடுகளிலும் பயன்பட்டது. இந்தியாவில் ‘சசேத்’ என்ற பெயரில் நடைபெறும் தேசிய எச்சரிக்கை ஏற்பாடு இதே தரத்தின்மீது எழுப்பப்பட்டு, வட்டார மொழிகளில் கைபேசிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. தமிழ்நாட்டார் தமிழிலேயே பெறுகிறார்கள். இரு அரசமொழிகள் கொண்ட கனடா இத்தரத்தைத் தன் தேவைக்கேற்ப இறுக்கித் தனக்கெனத் துணைநெறி ஒன்றை வகுத்துக்கொண்டது. கரையோரக் கிராமத்துக்குச் செய்து பார்த்ததை மலைத்தோட்டத்துக்கு நிரந்தரமாகச் செய்யாமல் விட்டதற்கு அறிவுக்குறைவு காரணமன்று. லயத்து மக்கள் நிர்வாகத்தின் கண்ணில் எப்போதும் தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்வது கம்பனியின் பொறுப்பென்று அரசும், அரசின் பொறுப்பென்று கம்பனியும் எண்ணிக்கொள்ளும் பழைய வழக்கம் இன்னும் நீங்கவில்லை.

எதிர்வாதங்களுக்கும் மறுமொழி கூறவேண்டும். பிழையான எச்சரிக்கை ஒன்று ஒரே கணத்தில் எல்லா மொழியிலும் பரவிவிடாதா என்று கேட்கலாம். பரவும்; ஆனால் திருத்தமும் அதே வேகத்தில், அதே இலக்கத்தைச் சுட்டிக்கொண்டு, எல்லா மொழியிலும் பரவும். இன்றோ பிழையும் திருத்தமும் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. சிங்களத்தில் திருத்தம் வந்துவிட்ட பிறகும் தமிழில் பிழை உலவுகிறது. வெளியிடுமுன் பொறுப்புள்ள ஒருவர் வாசித்து ஒப்பமிடும் நியதியை எந்தக் கருவியும் அகற்றவில்லை. மின்சாரமும் தொடர்பும் அறுந்த இடத்தில் உலாவி என்ன செய்யும் என்பது கனமான கேள்வி. தொடர்பு அறுவதற்குமுன் மஞ்சள் நிலையிலேயே எல்லாப் பத்திரங்களையும் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு விடை. ஒரே மூலத்திலிருந்து பல பிரதிகளை முன்கூட்டியே எடுத்துவைப்பது இம்முறையில் மட்டுமே எளிது. எல்லாம் அறுந்தபின் மனிதக்குரலும் தப்பு மேளமும்தான் மிஞ்சும். முற்காலத்தில் பிரட்டுக்கு அழைக்க அடித்த தப்பின் ஒலி எல்லா லயத்துக்கும் ஒரே கணத்தில் ஒரே செய்தியாய்ச் சென்றதுபோல், ஒரு மூலத்திலிருந்து எழும் எச்சரிக்கையும் எல்லார் காதுக்கும் ஒன்றாகவே செல்லவேண்டும் என்பதே நான் கேட்பது.

இன்னொரு தடை தொழில்நுட்பத்துக்குள்ளேயே எழுந்திருக்கிறது. உலாவிகளுக்குள் இருக்கும் பழைய உருமாற்று வசதியை நீக்கிவிடப்போவதாகக் குரோம் உலாவியை ஆக்குவோர் 2025ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அதன் அடியில் இயங்கும் பழைய நிரல்களின் பாதுகாப்புக் குறைபாடுகளும், அதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்பதும் அவர்கள் கூறும் காரணங்கள். அந்தச் சிலருக்குள் எத்தனை அரசாங்கங்கள், எத்தனை வானிலை நிலையங்கள், எத்தனை எச்சரிக்கைப் பக்கங்கள் அடங்குகின்றன என்பதை எண்ணும்போது இம்முடிவு எனக்கு வருத்தமளிக்கிறது. ஆயினும் நாம் இப்போதுதான் தொடங்கப்போகிறோமாதலால், முடிவதை நம்பித் தொடங்க வேண்டியதில்லை. உலாவியின் உள்வசதியை நம்பாமல், உருமாற்றும் நிரலைப் பக்கத்துடனேயே கொண்டுவரலாம். அல்லது பிரதிகள் அனைத்தையும் கொழும்பில் உள்ள சேவையகத்திலேயே வடித்து, மூலத்துடன் சேர்த்து ஒரே கட்டாக அனுப்பிவிடலாம். விதிக்கோப்பு எங்கே இயங்குகிறது என்பது இரண்டாம்பட்சம். எச்சரிக்கையின் மூலம் ஒன்றாயிருப்பதும், குறிகளால் எழுதப்பட்டிருப்பதும், பகிரங்கமாகக் கிடைப்பதும்தான் பிரதானம். மூலம் பகிரங்கமாக இருந்தால், பதுளையிலோ பண்டாரவளையிலோ உள்ள ஒரு பாடசாலையின் கணினி ஆசிரியரும் மாணவரும்கூடத் தம் தோட்டத்துக்கு வேண்டிய ஒரு புதிய பிரதியைத் தாமே வடித்துக்கொள்வார்கள். அறிவித்தலைப் படமாக வெளியிடும் இன்றைய வழக்கம் அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. படத்திலிருந்து எந்தக் கருவியாலும் நிலையையும் நேரத்தையும் எப்போதும் நம்பகமாக எடுக்க முடியாது, கண்பார்வையற்றவரின் கைபேசியால் அதை அவருக்குப் பிழையின்றி வாசித்துக் காட்டவும் பெரும்பாலும் முடியாது.

ஆதலால் அனர்த்த முகாமைத்துவ நிலையமும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும், வளிமண்டலவியல் திணைக்களமும் ஒருங்கே அமர்ந்து, இந்நாட்டுக்கென்று கேப் தரத்தின் துணைநெறி ஒன்றை வகுக்கவேண்டும். அதில் ஒரு விதி தவறாமல் இடம்பெற வேண்டும்: தமிழ்த் தகவற்பகுதி, சிங்களத் தகவற்பகுதி இரண்டில் ஏதேனும் ஒன்று குறைந்த உறையை வெளியிடும் கருவியே ஏற்காமல் திருப்பிவிட வேண்டும். சுற்றறிக்கைகளால் இதுவரை நிறைவேறாததைக் கருவியின் வாயிலில் வைக்கும் ஒரு நிபந்தனை நிறைவேற்றிவிடும். மறதியும் அசட்டையும் அவ்வாயிலைக் கடக்க மாட்டா. நிபந்தனையினால் எச்சரிக்கை தாமதித்தால் சிங்கள மக்களும் ஆபத்துக்கு உள்ளாவார்களே என்று அஞ்சவேண்டியதில்லை. நிலைத்த வாக்கியங்கள் முன்பே அட்டவணையில் இருப்பதால் தமிழ்ப் பகுதி தானாகவே நிரம்பும், எவரும் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியிராது.

அந்த அட்டவணையை எழுதுவது யார் என்பதில்தான் நான் பிடிவாதமாயிருக்க விரும்புகிறேன். கொழும்பு அலுவலகத்தின் மொழிநடையில் எழுதி, அச்சிட்டு, மலைக்கு அனுப்பினால் வேலை முடிந்ததாகாது. முதற்பிரதி எழுதப்பட்டபின், அடுத்த மாரிக்கு முன்பாக, ஹல்துமுல்லையிலும் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் உள்ள தோட்டங்களின் பிரட்டுக்களத்தில், கொழுந்துக்குப் புறப்படும் பெண்களும் ஓய்வுபெற்ற கங்காணிமாரும் பள்ளிப்பிள்ளைகளும் கேட்க, ஒவ்வொரு வாக்கியமும் உரக்க வாசிக்கப்படவேண்டும். ‘பணிய லயத்து ஆட்கள்’ என்றால் எவரைக் குறிக்கும், ஓடைக்கு எந்தப் பக்கம் போகச் சொன்னால் அவர்களுக்குப் புரியும், எந்தச் சொல்லைக் கேட்டால் மூட்டையைக் கட்டாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே எழுவார்கள் என்பவற்றை அவர்களைத் தவிர வேறு எவரும் சொல்லமுடியாது. அவர்கள் திருத்தியபடியே அட்டவணை கொழும்புக்குத் திரும்பிச் சென்று விதிக்கோப்பில் ஏறவேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய செலவை, அனர்த்தத்துக்குப் பின் நிவாரணத்துக்கென்று ஒதுக்கும் பணத்திலிருந்தன்றி, முன்கூட்டியே வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும்.